வெளியாட்களுக்குச் சமைப்பதில்லை

பசியோடு போன என்னை வெகுநேரம் வாசலில் நிற்க வைத்துவிட்டுத்தான் அவர் சோறு போட்டார்.

சுவிஸில் டீட்டிகோன் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் அவருடைய கடை. அன்று காலையில்தான் நான் இத்தாலிப் பக்கமிருந்து வந்து இறங்கியிருந்தேன். பையில் ஒரு கம்பளிச் சட்டை, ஒரு சோடி சப்பாத்து. பாத்திரம் கழுவ அங்கே ஆள் தேடுகிறார்கள் என்று ரயிலில் ஒருவர் சொன்னதை நம்பிப் போனேன். வேலை தெரியுமா, விசா என்ன, எங்கே தங்குகிறாய், ஒன்றும் அவர் கேட்கவில்லை.

"நீங்கள் எனக்கு என்ன முறை?" என்றார்.

"ஒரு முறையும் இல்லை அண்ணை. நான் மன்னார்ப் பக்கம்."

"அப்பிடிச் சொல்லக் கூடாது. முறை தெரியாமல் சோறு இறங்காது. இருங்கோ, யோசிப்பம்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினார். என் தகப்பன் என்ன தொழில், அவர் வேலை செய்த கடற்கரை மீன் வாடி யாருடையது, அந்த வாடிக்காரர் எந்த ஊரில் பெண் எடுத்தார் என்று கேட்டுக்கொண்டே போனார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எந்தச் சோதனையிலும் இத்தனை கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. கடைசியில், வாடிக்காரர் பெண் எடுத்த ஊரில் தன் ஒன்றுவிட்ட தமக்கை ஒருவர் ரீச்சராக இருந்ததைக் கண்டுபிடித்தார்.

"பாத்தீரோ! அப்ப நீர் எனக்கு மருமோன்," என்று எழும்பிப் போய், ஒரு கோப்பை நிறையச் சோறும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுவந்து வைத்தார். எனக்கும் அவருக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம் இருக்கும். அவருக்குப் பிள்ளைகளும் கிடையாது.

"மகளில்லாத வீட்டுக்கு மருமோன் வந்திட்டார், வெத்திலை வைக்கட்டோ?" என்று குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது. முறைப்படி நான் அவரை மாமி என்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டால் அகப்பை பறக்கும் என்று அவர் சொல்லிவிட்டதால், கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அவருடைய பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒருவருக்கு அவர் அத்தான், இன்னொருவருக்குச் சித்தப்பா, வேறொருவருக்கு மாமா. பின்னாளில் ஓர் அலுவலகத்தில் அவருடைய முழுப் பெயரையும் வாசித்தபோது, யாரைச் சொல்கிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

இந்தப் பழக்கம் தமிழரோடு நின்றிருந்தால் அதிசயம் இல்லை. தபால்காரர் அவருக்கு மச்சான். கடைக் குளிர்பெட்டியின் குளிர் சரிதானா என்று அளக்க வரும் நகரசபை அம்மாள் மச்சாள். அந்த அம்மாள் குனிந்து வெப்பமானியைப் பார்க்கும்போது, "மச்சாளுக்கு இந்த வருசமும் கலியாணம் சரிவரேல்லையோ?" என்று தமிழில் பகிடி விடுவார். அம்மாள் ஒன்றும் விளங்காமல் "யா, யா" என்பார். மேல்மாடியில் இருந்த கிழவி, மிளகாய் வறுக்கும் மணம் தாங்காமல் கத்திக்கொண்டு இறங்கி வருவாள். அவள் பெரியம்மா. "பெரியம்மாவுக்குக் கோவம் வாறது நியாயம்தானே, சொல்லாமல் வறுத்துப்போட்டம்," என்று ஒரு வடையைக் கையில் வைப்பார். பெரியம்மா கத்திக்கொண்டே வடையைத் தின்றபடி படியேறுவாள்.

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சொந்தக்காரர்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். இங்கே அடுக்குமாடிகளில் பலருக்குச் சொந்தம் என்று கிட்ட யாரும் இல்லை. தமையன் கனடாவில் இருப்பான், தங்கச்சி லண்டனில் இருப்பாள், இவர்கள் அழுதபடி பிஸ்கட் தின்பார்கள். அப்படி ஒரு மரணச் செய்தி வந்தால் அவர் தொலைபேசியை எடுத்து முதலில் முறையைக் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்த பிறகுதான் பானையை ஏற்றுவார்.

"முறையில்லாமல் கொண்டுபோனால் அது டெலிவரி," என்பார்.

கடை அவருடையது என்று சொன்னேன். பாதிதான் உண்மை. பெயர்ப்பலகை, கதிரைகளின் நிறம், நாங்கள் போட்ட தொப்பி, தோசையின் விட்டம் எல்லாம் ஓர் அமெரிக்கக் கம்பெனியுடையது. எங்கள் ஆட்கள் அங்கே தொடங்கி, பல நாடுகளுக்கும் கிளை விட்ட கம்பெனி. வாடகையும் வியர்வையும் இவருடையது. சாம்பார் உறைந்த கட்டியாகப் பையில் வரும். அதை இளக்கி ஊற்ற வேண்டும், உப்புக்கூடப் போடக்கூடாது. சாப்பாட்டுப் பெட்டிகளில் மஞ்சளும் சிவப்புமாய் 'கொண்டாடுவோம் வாங்க!' என்று அச்சடித்திருக்கும்.

இதையெல்லாம் மேற்பார்வை பார்க்கக் கம்பெனியின் பகுதி மேலாளர் ஒருவர் பாசலிலிருந்து வருவார். கோயம்புத்தூர்க்காரர், சாந்தமான மனிதர். அளவு நாடாவை விரித்துத் தோசையை அளந்து குறித்துக்கொள்வார். முதல் நாளே இவர் அவரிடம் குடும்ப விபரம் கேட்டார்.

"எனக்கு ஒரே பொண்ணு சார். ரெண்டாம் கிளாஸ் படிக்கிறா. வைஃப்பும் அவளும் ஊர்ல."

"அப்ப நீங்கள் எனக்குச் சம்பந்தி."

"உங்களுக்குப் பையனே இல்லைன்னு சொன்னீங்களே சார்?"

"இல்லாட்டி என்ன? முறை முறைதான் சம்பந்தி."

"மகளில்லாத வீட்டில மருமோன், மகனில்லாத வீட்டில சம்பந்தி," என்றார் அக்கா தேங்காய் துருவிக்கொண்டு. "நல்ல குடும்பம். கலியாணச் செலவே இல்லை."

ஒப்பந்தம் எழுதிய கதையை அக்கா சொல்லித்தான் கேட்டேன். குடும்பத்தில் யாராவது சாப்பாட்டுத் தொழிலில் இருந்தால் எழுதச் சொல்லி அதில் ஓர் இடம் இருந்ததாம். நாளைக்கு இவர் விலகினால், மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ பக்கத்தில் கடை போட்டுவிடக் கூடாது என்பதற்காக. பத்துப் பெயர் எழுத வரி விட்டிருந்தார்கள். எங்கள் மனிதருக்கு அது கலியாணக் கார்டு மாதிரித் தெரிந்திருக்கிறது. கார்டில் ஒருவரை விட்டால் ஆயுளுக்கும் கோபம். அதனால் மேலதிகத் தாள்களை இணைத்து எழுதியிருக்கிறார். கோயில் மடைப்பள்ளியில் உதவி செய்யும் பெண்கள், கலியாண மண்டபத்துக்குச் சமைப்பவர்கள், ஆஸ்பத்திரிக் குசினியில் மரக்கறி வெட்டுபவர், வீட்டில் வடை சுட்டு விற்பவர், தேத்தண்ணி ஊற்றத் தெரிந்தவர் என்று எல்லாரும் உள்ளே. நான் வந்து சேர்ந்த பின் என் பெயரையும் எழுதி அனுப்பினார். விடுபட்டதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தார்.

கம்பெனி அதைப் படித்ததோ இல்லையோ, வாங்கிக் காகிதக் கோவையில் போட்டுக்கொண்டது.

ஒப்பந்தம் தலையணை அளவு. முன்பக்கம் முழுக்கக் கம்பெனிக்குச் சாதகம். ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி அந்த ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்லுமாம். திருத்தம் மாநிலத்துக்கு ஒரு தாளாகப் பின்னால் கோர்த்திருக்கும். சுவிஸுக்கு அனுப்பும்போது அந்தத் தாள்களைக் கழற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லைப் போலும். மத்தியானம் கடை ஓய்ந்த பிறகு, அகராதியை வைத்துக்கொண்டு எங்கள் மனிதர் அவற்றை ஊர்க்கடிதம் போல வாசிப்பார்.

"மருமோன், இஞ்சை கேளும். முன்னுக்கு என்ன கிடக்கு? கடையை விட்டால் ரெண்டு வருசத்துக்குச் சமைக்கப்படாது எண்டு. கலிபோர்னியாத் தாளில என்ன கிடக்கு? அந்த வாசகம் எங்கட மாநிலத்தில செல்லாமல் போகலாம் எண்டு. என்ன மாதிரி மனிசர்!"

"நாங்கள் டீட்டிகோனில இருக்கிறம் அண்ணை."

"அது தெரியும். மினசோட்டாவைப் பாரும். நினைச்ச உடனை கடையைப் பறிக்க ஏலாது. முன்கூட்டியே சொல்லோணும், பிழையைத் திருத்தத் தவணை குடுக்கோணும். மினசோட்டா பெரியண்ணன் மாதிரி. தம்பியை அடிக்க விடாது. கலிபோர்னியா மாமி. கொஞ்சம் செல்லம்."

"அப்ப சுவிஸ்?" என்று கேட்டேன்.

கடைசித் தாளைத் தூக்கிக் காட்டினார். ஒரே ஒரு வரி. இந்த நாட்டின் கட்டாயச் சட்டத்துக்கு மாறான எதுவும் அந்தச் சட்டப்படி திருத்தி வாசிக்கப்படும் என்று மட்டும் இருந்தது.

"சுவிஸ் எங்கட சித்தப்பா மாதிரி. சபையில ஒண்டும் கதைக்காது. மூலைக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிக்கும். தேவையெண்டால்தான் வாய் திறக்கும்."

"திறக்காமலே செத்துப்போன சித்தப்பாமாரும் இருக்கினம்," என்றார் அக்கா.

அந்த மாரிகாலத்தில் பக்கத்து நகரில் ஒரு குடும்பத் தலைவர் இறந்துபோனார். இவர் முறை கண்டுபிடித்தார், இறந்தவர் ஏதோ வழியில் சகலன். கடைக் குசினியிலேயே சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சமைத்தோம். கொண்டுபோகப் பாத்திரம் போதவில்லை. கைக்கு எட்டியது கம்பெனிப் பெட்டிகள். அவசரத்தில் அவற்றில் அடைத்துக் கொண்டுபோனோம்.

யாரோ ஒரு பெடியன் படம் எடுத்துப் போட்டுவிட்டான். படத்தில் கறுப்புச் சேலையில் ஐந்தாறு பெண்கள், அழுது வீங்கிய முகங்கள். ஒவ்வொருவர் மடியிலும் 'கொண்டாடுவோம் வாங்க!'

அந்தப் படம் அமெரிக்கா வரைக்கும் போனது. பகுதி மேலாளர் அடுத்த ரயிலில் வந்து நின்றார்.

"சார், என்ன சார் இது? மெனுல இல்லாத ஐட்டம், கம்பெனி கிச்சன், கம்பெனி பாக்ஸ், அதுவும் சாவு வீட்ல! மேல இருந்து என்னைக் கிழிக்கிறாங்க."

"சகலன்ர செத்த வீடு சம்பந்தி. போகாமல் இருக்கலாமோ?"

"போங்க சார், யார் வேணாம்னா? பாக்ஸைத் திருப்பிப் பிடிச்சிருக்கலாம் இல்ல?"

"நாலு பக்கமும் அதுதானே எழுதியிருக்கு," என்றார் அக்கா.

ஒப்பந்தம் முறிந்தது. மினசோட்டா மாதிரித் தவணை ஒன்றும் கிடைக்கவில்லை. பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டு வருடத் தடையைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. டீட்டிகோன் இருக்கும் லிம்மத் பள்ளத்தாக்கு முழுவதும், பணத்துக்கோ பணமில்லாமலோ, அவர் யாருக்கும் சமைத்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒரு செத்த வீட்டுக்கும் பானை போகாது.

அவருக்கு மட்டும் என்றாலும் பரவாயில்லை. கம்பெனி வழக்கறிஞர் அந்தக் காகிதக் கோவையைத் திறந்து, இவர் இணைத்த தாள்களைக் கண்டெடுத்தார். அதிலிருந்த ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபால் போனது. நீங்கள் இன்னாரின் உறவினர் என்பதால் தடை உங்களுக்கும் பொருந்தும். உறவினர் இல்லையென்றால் இத்துடன் உள்ள தாளில் கையொப்பமிட்டு அனுப்பவும்.

கையெழுத்துப் போடாத ஒருவர் மற்றவர்களின் ஒப்பந்தத்தால் கட்டுப்படுவாரா என்று நின்று யோசிக்க எங்களவருக்கு நிதானம் இல்லை. பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் இரவெல்லாம் தூங்கவில்லை. அடுத்த நாளே சனம் இவருடைய வீட்டுக்கு வந்துவிட்டது. சண்டை பிடிக்க வந்தார்கள். ஆனால் தாள் ஜெர்மன் மொழியில் இருந்தது. அவர்களில் பலருக்கு இந்த மாதிரிப் படிவங்களை எப்போதும் நிரப்பிக் கொடுப்பவர் இவர்தான்.

ஆகவே, தனக்கு உறவில்லை என்று எழுதும் தாள்களை அவரே இருந்து நிரப்பிக் கொடுத்தார்.

"அத்தான், ஏன் என்ர பேரைப் போட்டனீங்கள்? எனக்குப் பின்னேரம் மண்டபத்தில சமையல் கிடக்கு."

"பிழைதான் மச்சாள். இருங்கோ. இதில 'நான் மேற்படியாருக்கு எவ்வித உறவும் அல்ல' எண்டு கிடக்கு. கீழை வையுங்கோ கையெழுத்தை."

"எங்கை அத்தான், இதிலயோ?"

"அதிலதான். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. அடுத்தது ஆர்? வாங்கோ பெறாமகன்."

வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது. எல்லாரும் சித்தப்பா, மாமா என்று கூப்பிட்டபடியே உறவில்லை என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் போன பிறகு அவர் பேனையை மூடிப் பையில் செருகினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. "இறங்குதில்லை," என்று மட்டும் சொன்னார். அக்கா சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. இதில் என் பெருந்தன்மை எதுவும் கிடையாது. இங்கே தபால்பெட்டியில் பெயர் இல்லாதவனுக்குத் தபால் கிடையாது. நான் கடைக் களஞ்சிய அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுத்து எழும்பியவன். என் பெயர் எந்தப் பெட்டியிலும் இருந்ததில்லை. எனக்கு வந்த கடிதம் திரும்பிப் போய்விட்டது. அந்த வகையில் கம்பெனிக் கணக்குப்படி, ஊரெல்லாம் உறவு கொண்டாடிய மனிதருக்கு மனைவியைத் தவிர மிஞ்சிய ஒரே உறவினன் நான்தான்.

எங்கள் நாட்டில் இணக்க சபை இருப்பது போல, இங்கே நகரத்துக்கு ஒரு சமாதான நீதிபதி உண்டு. வழக்கு பெரிய நீதிமன்றத்துக்குப் போகுமுன் இரண்டு பகுதியையும் ஒரு மேசையில் இருத்தி, தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, கதைத்து முடிக்க முடியாதா என்று கேட்பது அவர் வேலை. தடையை எடுக்கச் சொல்லி இவர் அங்கே விண்ணப்பித்தார். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு பெண்மணி. குட்டைத் தலைமயிர், கண்ணாடி நூலில் தொங்கும். ஒரு பக்கம் கம்பெனி வழக்கறிஞரும் பகுதி மேலாளரும். மறுபக்கம் இவரும் அக்காவும், துணைக்கு நானும். நடுவில் தமிழ் மொழிபெயர்க்க ஒரு பிள்ளை.

"வணக்கம் பெறாமகள்," என்றார் இவர் அந்தப் பிள்ளையைப் பார்த்து.

பிள்ளை அதையும் கடமைக்கு மொழிபெயர்த்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். உறவினர் மொழிபெயர்க்க முடியாது, நீங்கள் இவருக்கு உறவா என்று கேட்டார்.

"இல்லை!" என்றது பிள்ளை பதறிப்போய்.

"உங்கட அப்பா எந்த ஊர், பிள்ளை?" என்று இவர் தொடங்க, அக்கா மேசைக்குக் கீழே உதைத்தார். "வாயைப் பொத்துங்கோ. உறவெண்டு கண்டுபிடிச்சீங்களெண்டால் எங்களுக்குக் கதைக்க ஆளில்லை."

நீதிபதி அந்தத் தலையணை ஒப்பந்தத்தைத் தூக்கி மேசையில் வைத்தார். "இதில் கலிபோர்னியாவைப் பற்றி நிறைய இருக்கிறது. எங்களைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது," என்றார். வழக்கறிஞர் அந்த ஒரு வரி போதும் என்றார். நீதிபதியும் போதும் என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். இப்படிப்பட்ட கடைகளுக்கென்று இந்த நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் ஒருவர் இன்னொருவரின் பெயரில், அவர் சொன்ன தொப்பியைப் போட்டு, அவர் சொன்ன அளவில் தோசை சுட்டால், அவரை ஒரு முகவரைப் போல வைத்துப் பார்க்க இடமுண்டு. முகவரை, தொழில் முடிந்த பிறகும் செய்யாதே என்று கட்டிப்போட்டால், சும்மா இருக்கும் காலத்துக்குத் தக்க ஈடு கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று அவர் முதலே எழுதித் தந்திருந்தாலும் அந்த எழுத்து செல்லாது. நீதிமன்றம் அப்படித்தான் சொல்லும் என்று உறுதி இல்லை, சொல்லவும் கூடும்.

இவர் என் காதருகில் குனிந்தார். "சித்தப்பா வாய் திறந்திட்டார்."

வழக்கறிஞர் தண்ணீர் குடித்தார். நீதிபதி தாள்களைப் புரட்டி, "உறவினர்களையும் கட்டியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர்களும் ஈடு கேட்டால்?" என்றார்.

"அவர்கள் யாரும் உறவினர் இல்லை," என்று வழக்கறிஞர் அவசரமாக ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தார். "எல்லாரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். மனைவியும் இந்த ஒருவரும்தான் மிச்சம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சப்பாத்தைப் பார்த்தேன்.

"நீங்கள் இவருக்கு என்ன உறவு?" என்று நீதிபதி கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஜெர்மன் பாத்திரம் கழுவப் போதுமானது. மன்னார், மீன் வாடி, ஒன்றுவிட்ட தமக்கை எல்லாம் அதற்குள் அடங்காது. "மருமகன்," என்று தமிழில் சொன்னேன். பிள்ளை மொழிபெயர்த்தது. நீதிபதி எழுதிக்கொண்டார். பகுதி மேலாளர் வாயைத் திறந்து, இவருக்கு மகள் இல்லை என்று சொல்லப் போனவர், என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

சமரசம் எழுதினார்கள். கம்பெனி ஈடு கொடுக்க வேண்டியதில்லை. மற்ற யாரையும் தடை கட்டாது. இவர் மட்டும் குறித்த காலத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கில் வெளியாட்களுக்குச் சமைத்துக் கொடுக்கக் கூடாது. எல்லாம் முடிந்து பேனையை நீட்டியபோது இவர், "ஒரு வரி போடோணும். சொந்தக்காரருக்குச் சமைக்கலாம் எண்டு," என்றார்.

வழக்கறிஞர் தாள்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "தாராளமாக," என்றார். உறவினர் என்றால் யார் என்று வரையறுக்க வேண்டுமா என்று நீதிபதி கேட்டதற்கும், தேவையில்லை என்றார்.

வெளியே வந்ததும் அக்கா ட்ராம் தரிப்பிடம் வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தார். "ஈட்டை விட்டிட்டு வரியை வாங்கின மனிசன் உலகத்தில நீங்கள் ஒராள்தான்." அவர் அந்த வரியை மனப்பாடம் பண்ணியபடி நடந்தார்.

பழைய டயர்க் கடை ஒன்றின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்தார். இரண்டு அடுப்பு, நீள மேசைகள். வாசலில் ஒரு மட்டையில் தமிழிலும் ஜெர்மனிலும் எழுதித் தொங்கவிட்டார்: 'வெளியாட்களுக்குச் சமைப்பதில்லை.' அதற்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வந்தது, கையெழுத்து வைத்த மச்சாள்தான். வாசலில் தயங்கி நின்றார்.

"அத்தான், அண்டைக்குப் பயத்தில வைச்சுப்போட்டன்."

"அது கடுதாசி மச்சாள். சாப்பிட்டிட்டீங்களோ?"

மச்சாள் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு பெறாமக்கள், சகலன்கள், மைத்துனர்கள் என்று ஒரு கிழமைக்குள் மேசை நிரம்பிவிட்டது. பக்கத்துப் பொதிக் களஞ்சியத்தில் வேலை செய்த சுவிஸ் லொறிச் சாரதிகளும் மணத்துக்கு வந்தார்கள். வாசலில் அவர்களையும் இருத்தி விசாரித்தார். யார் யாரோடு ஒரே லொறியில் போனது, யாருடைய மனைவியை எந்த ஆஸ்பத்திரியில் எந்தத் தமிழ்ப் பிள்ளை பராமரித்தது என்று தோண்டி, ஒருவருக்கும் முறை கிடைக்காமல் போனதில்லை. 'மச்சான்' என்று சொல்லத் தெரிந்த சாரதிகளின் தொகை அந்தப் பள்ளத்தாக்கில் பெருகியது. சொந்தக்காரரிடம் விலை கேட்க முடியுமா? சாப்பிட்டவர்கள் கலியாண வீட்டுக்குக் கொடுப்பது போல உறையில் வைத்து, முகப்பில் வாழ்த்தும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். லொறிச் சாரதி ஒருவர் கிழமைக்கு ஒருமுறை 'புதுமணத் தம்பதிகளுக்கு' என்று அச்சடித்த உறையைத் தந்துகொண்டிருந்தார்.

கம்பெனிக்குச் செய்தி போனது. சமரசத்தை மீறிவிட்டார் என்று நிரூபித்தால் திரும்பவும் இழுக்கலாம். பகுதி மேலாளரை அனுப்பினார்கள்.

அவர் வந்த மத்தியானம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் வாசலுக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"வாங்கோ சம்பந்தி," என்றார் இவர்.

"சார், நான் ஆபீஸ் வேலையா வந்திருக்கேன். சம்பந்தின்னு கூப்பிடாதீங்க. எனக்கு ஒரு சாப்பாடு குடுங்க. பில்லோட."

"அப்ப நீங்கள் எனக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை சார்."

"அப்ப தரேலாது. வெளியாட்களுக்குச் சமைக்கிறதில்லை. எழுதியிருக்கு பாருங்கோ. நீதிபதிக்கு முன்னால கையெழுத்து வைச்சது."

மேலாளர் மட்டையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். அடுத்த கிழமையும் வந்தார், அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் முறை வந்தபோது வாசலில் நின்றபடியே வழக்கறிஞருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சார், சாப்பிட்டாத்தான் ப்ரூஃப். சொந்தம்னு சொன்னாத்தான் சாப்பாடு. சொந்தம்னு சொல்லிட்டா எப்படி சார் ப்ரூஃப் ஆகும்?" மறுமுனையில் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். மேலாளர் தொலைபேசியைப் பைக்குள் வைத்தார். தொப்பியிலும் தோளிலும் பனி. உள்ளேயிருந்து அக்காவின் ரச மணம் வந்தது.

"மதியம் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று அக்கா உள்ளிருந்தே கேட்டார்.

"கம்பெனி சாம்பார்ங்க. ஃபிரிட்ஜ்ல அடுக்கி வச்சிருக்காங்க. ஆறு மாசமா அதான். பொண்ணு வீடியோ கால்ல கேக்கறா, அப்பா இன்னிக்கு என்னன்னு. தினம் ஒண்ணு புதுசா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

இவர் கதிரையை ஒருபக்கமாக நகர்த்தினார். கேள்வியைத் திரும்பக் கேட்கவுமில்லை, சும்மா விடவுமில்லை, காத்திருந்தார்.

"சம்பந்தி," என்றார் மேலாளர், சப்பாத்திலிருந்த பனியைத் தட்டியபடி. "வேற என்னன்னு சொல்றது?"

இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். தொலைபேசியில் மகளைக் கூப்பிட்டு இலையைக் காட்டினார். கையைக் கழுவிவிட்டு வந்து, அறிக்கை அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்று அதே மேசையிலிருந்து எழுதி, எங்களுக்கும் வாசித்துக் காட்டினார்.

"நேரில் சென்று பரிசோதித்தேன். அவர் உறவினர்களுக்கு மட்டுமே சமைக்கிறார். சாப்பிட்டுப் பார்த்து உறுதி செய்தேன்."

இவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறீங்கள் சம்பந்தி. ஆனா சம்பந்தியம்மா விடியவே எழும்பி வைச்ச ரசம். அதைப் பற்றியும் ஒரு வரி போடுங்கோ."

மேலாளர் போட்டார்.